லட்சத்தீவில் எத்தனை பேர் இறங்கலாம்?

புது தில்லி: தலைநகரின் பார்வை தீவுகளின் பக்கம் திரும்புவது அபூர்வம். அப்படித் திரும்பும்போதும் அங்கு வாழும் மக்களைக் காட்டிலும் அங்கு செல்லப்போகும் சுற்றுலாப் பயணிகளே பேச்சின் மையமாகிவிடுகின்றனர். 2024 ஜனவரியில் பிரதமர் நரேந்திர மோடி லட்சத்தீவு சென்று திரும்பிய பின்னர் நடந்ததும் அதுவே. கடலில் மூழ்கிப் பவளப்பாறைகளைக் கண்ட படங்களை அவர் வெளியிட்டார். அவரைத் தரக்குறைவாக விமர்சித்த மாலத்தீவின் துணை அமைச்சர்கள் மூவர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். இனி மாலத்தீவுக்குப் பதில் லட்சத்தீவுக்கே செல்வோம் என்ற குரல் நாடெங்கும் எழுந்தது.

அடுத்த மாதம் முதல் தேதியில் இடைக்கால பட்ஜெட்டைத் தாக்கல் செய்த நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், லட்சத்தீவு உள்ளிட்ட தீவுகளில் துறைமுக இணைப்பு, சுற்றுலாக் கட்டமைப்பு வசதிகளுக்கான திட்டங்கள் மேற்கொள்ளப்படும் என அறிவித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கப்பட்ட 'குரூஸ் பாரத்' இயக்கம், சொகுசுக் கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை ஐந்தாண்டுகளில் இரு மடங்காக்குவதை இலக்காகக் கொண்டது.

எத்தனை பேரை அழைத்து வருவது என்பதற்கு இலக்கு உண்டு. எந்தத் தீவில், எந்தப் பருவத்தில், ஒரே நேரத்தில் எத்தனை பேர் இறங்கலாம் என்பதும், அதை முடிவு செய்வது யார் என்பதும் இந்த அறிவிப்புகளில் இடம்பெறவில்லை. நிலப்பரப்பு மொத்தமே 32 சதுர கிலோமீட்டர் கொண்ட ஒரு யூனியன் பிரதேசத்தில் இதுவே முதலில் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

கப்பலில் இரவு, கரையில் பகல்:

கேரளக் கடற்கரையிலிருந்து 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவில் சிதறிக் கிடக்கும் இத் தீவுகளில் மக்கள் வாழ்பவை பத்து. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கு வசிப்போர் 64 ஆயிரத்துச் சொச்சம். 1956-ல் மாநில மறுசீரமைப்பு நடைபெறும் வரை இவை சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்தன என்பது இன்று தமிழகத்தில் பலருக்கும் நினைவில்லாத செய்தி. அமினி முதலான வடதீவுகள் தென் கன்னட மாவட்டத்தோடும், கவரத்தி, மினிக்காய் உள்ளிட்டவை மலபார் மாவட்டத்தோடும் இணைந்திருந்தன.

கொச்சியிலிருந்து கப்பலில் செல்ல 14 முதல் 18 மணி நேரம் ஆகும். தீவைச் சேராதவர் எவராயினும், இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும், அனுமதிச் சீட்டு பெற்றே உள்ளே நுழைய முடியும். இதற்கான விதிகள் 1967-ல் வகுக்கப்பட்டவை. பல தீவுகளில் கப்பல் கரையை அணையாது. பவளத்திட்டுக்கு வெளியே ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் சிறு படகுகளில் மாறி, அலை அடங்கிய காயலைக் கடந்து கரை சேர வேண்டும்.

இந்தச் சிரமத்தையே ஒரு சுற்றுலா முறையாக மாற்றியது லட்சத்தீவு நிர்வாகத்தின் 'ஸ்போர்ட்ஸ்' என்ற சுற்றுலா அமைப்பு. 'சமுத்திரம்' என்ற பெயரில் அது நடத்தி வந்த ஐந்து நாள் பயணத்தில், எம்.வி. கவரத்தி கப்பலில் செல்வோர் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளில் பகலில் இறங்கி, மாலையில் கப்பலுக்கே திரும்பி உறங்குவர். சுமார் 700 பேர் செல்லக்கூடிய அக் கப்பலில் சுற்றுலாவுக்கு ஒதுக்கப்பட்டவை 150 இடங்கள் அளவில்தான். தீவில் விடுதி தேவையில்லை. அதற்கெனக் கிணற்று நீரும் தேவையில்லை. குளியல், உணவு, உறக்கம் எல்லாம் கப்பலில். உல்லாசக் கப்பலின் பகட்டு இதில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் தொலைதூரத் தீவுகளுக்குச் சிறு கப்பல்களில் சென்று வருவதை ஒரு தனிச் சுற்றுலாவாக வளர்த்துள்ள நாடுகள் விரும்பிக் கடைப்பிடிக்கும் முறையும் ஏறத்தாழ இதுதான்.

ஹியூம் சென்ற வழி:

இத் தீவுகளுக்கு ஆய்வு நோக்கில் கப்பலேறியவர்களில் அரசியல் வாசகர்கள் நன்கறிந்த ஒருவரும் உண்டு. 1885-ல் காங்கிரஸ் உருவாக முன்னின்ற ஆலன் ஆக்டேவியன் ஹியூம்தான் அவர். பிரிட்டிஷ் இந்திய அரசின் செயலராக இருந்த ஹியூம், அக் காலத்தின் தலைசிறந்த பறவையியல் வல்லுநர்களுள் ஒருவர். 1873-ல் அந்தமான் நிகோபார் பக்கம் சென்று வந்த அவர், 1875-ல் 'கிளைட்' என்ற கடல் அளவைக் கப்பலில் லட்சத்தீவு சென்றார். கலங்கரை விளக்கங்களுக்கு இடம் பார்ப்பது பயணத்தின் அரசு நோக்கம். ஹியூம் பறவைகளைச் சேகரித்தார். தாம் நடத்திய பறவையியல் இதழில் பயண விவரங்களை எழுதினார். அந்தமான் கடலில் ஏழு சதுர கிலோமீட்டர்கூட இல்லாத நார்கொண்டம் தீவில் மட்டுமே வாழும் இருவாச்சிப் பறவையை உலகுக்கு விவரித்தவரும் அவரே. அந்தத் தீவில் கடலோரக் காவல் படை ரேடார் அமைக்க முன்வைத்த யோசனையை 2012-ல் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயந்தி நடராஜன் நிராகரித்ததும், 2014-ல் ஆட்சி மாறிய பின் அந்த நிலைப்பாடு மாறியதும் தனிக் கதை.

லட்சத்தீவின் பறவைகளுக்கு இன்று எஞ்சியுள்ள முக்கியப் புகலிடம் 'பட்சிப் பிட்டி' என்று தீவு மக்கள் அழைக்கும் பிட்டி. கவரத்திக்கு வடமேற்கே சுமார் 24 கிலோமீட்டர் தொலைவில் கடலுக்கு நடுவே ஒரு மணல் மேடு, அவ்வளவுதான். பரப்பளவு ஒன்றேகால் ஹெக்டேருக்குள். மரமில்லை, நன்னீர் இல்லை, மனிதர் இல்லை. கடல் பொங்கினால் அலை மேலேறும். இந்த வெறுமைதான் பறவைகளுக்குப் பாதுகாப்பு. தென்னையும் குடியிருப்பும் உள்ள தீவுகளில் எலியும் பூனையும் பெருகி, தரையில் இடும் முட்டைகளை விட்டுவைப்பதில்லை. பிட்டியில் அந்தத் தொல்லை இல்லை. பெரிய கொண்டை ஆலா, முதுகு கறுத்த ஆலா, நாடி எனப்படும் பழுப்பு நிற ஆலா ஆகியவை அங்கு திரளாகக் கூடி முட்டையிடுகின்றன. 1995-ல் இது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அரசு ஆவணங்களில் அதன் பரப்பு 0.01 சதுர கிலோமீட்டர். நாட்டின் மிகச் சிறிய சரணாலயங்களுள் ஒன்று.

ஆள் இறங்கினால் என்ன ஆகும் என்பது எளிதில் விளங்கக்கூடியது. தாய்ப்பறவைகள் ஒன்றாகக் கிளம்பி வானில் சுற்றும். நிழலற்ற மணலில் கிடக்கும் முட்டையும் குஞ்சும் வெயிலில் வாடும். ஒரு படகில் வரும் இருபது பேர் அரை மணி நேரம் படம் எடுத்துக்கொண்டு நின்றாலே அந்தப் பருவத்தின் ஈட்டில் கணிசமான பகுதி பாழாகலாம். சிறு கப்பல் சுற்றுலா தன்னளவில் தீங்கற்றது என்று வாதிடுவோர் இதை மறந்துவிடக் கூடாது. பிட்டி போன்ற தீவைப் பொறுத்தவரை, கப்பலின் மேல்தளத்திலிருந்து தொலைநோக்கியில் பார்ப்பதே உரிய வழி.

பறவை காட்டும் மீன்:

பறவைகளின் நலன் தீவு மக்களின் தொழிலோடு பிணைந்தது. லட்சத்தீவின் பிரதான மீன்பிடிப்பு சூரை. வலை வீசாமல், காயலில் பிடித்த சிறு மீன்களை உயிருடன் கடலில் இறைத்து, நீண்ட கழியில் கட்டிய தூண்டிலால் சூரையை ஒவ்வொன்றாக இழுத்துப் போடும் முறை இது. மினிக்காயில் வேரூன்றிப் பிற தீவுகளுக்கும் பரவியது. கடலில் சூரைக் கூட்டம் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுப்பவை கடற்பறவைகளே. சூரை கீழிருந்து துரத்த, சிறுமீன்கள் மேலே வர, அவற்றைக் கொத்த ஆலாக்கள் கூட்டமாக வட்டமிடும். மீனவர் படகைத் திருப்புவது அந்தத் திசை பார்த்துத்தான். இப்படிப் பிடித்த சூரையை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்தினால் கிடைப்பது, தமிழகத்தின் தென் மாவட்டங்களில் மாசிக் கருவாடு என வாசகர்கள் அறிந்த பண்டம்.

பறவைத் தீவு மனிதத் தீவாக மாறியதற்கும் லட்சத்தீவிலேயே சான்று உள்ளது. மக்கள் வாழும் தீவுகளில் மிகச் சிறியதான பித்ரா, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை கடற்பறவைகள் முட்டையிடும் இடமாக இருந்தது. செத்லாத் முதலான அயல் தீவினர் முட்டைக்காகவும் பறவைக்காகவும் அங்கு சென்று வந்தனர். 1945 வாக்கில் செத்லாத்தைச் சேர்ந்த ஒரு மூதாட்டியும் அவருடைய மகனுமே அங்கு நிலையாகக் குடியேறிய முதல் மனிதர்கள் என்று கூறப்படுகிறது. 2011-ல் பித்ராவின் மக்கள்தொகை 271.

தென்னந்தோப்புகள் யாருக்கு?

ஆளில்லாத் தீவு என்று தில்லியின் கோப்புகளில் குறிப்பிடப்படுபவை யாருக்கும் தொடர்பில்லாதவை அல்ல. சுஹேலியின் தென்னந்தோப்புகளில் தேங்காய் வெட்டவும் மீன் உலர்த்தவும் கவரத்தி மக்கள் தலைமுறைகளாகச் சென்று வருகின்றனர். பங்காரத்தின் தோப்புகள் அகத்தி மக்களோடு தொடர்புடையவை. இத்தகைய நிலங்களில் கணிசமான பகுதி 'பண்டாரம்' நிலம் எனப்படுகிறது. கண்ணூர் அரக்கல் அரச குடும்பத்தின் கருவூலச் சொத்தாக இருந்து, பின்னர் அரசின் கைக்கு வந்து, தீவு மக்களால் தென்னை பயிரிடப்பட்டு வந்த நிலம் அது. பட்டா இல்லாமலே பாட்டன் வைத்த மரத்தைப் பேரன் அனுபவிக்கும் முறை. 2024-ல் இந்த நிலங்களை மீட்டெடுக்க நிர்வாகம் உத்தரவிட்டபோது எழுந்த எதிர்ப்பு கேரள உயர் நீதிமன்றம் வரை சென்றது; நீதிமன்றம் அந்த நடவடிக்கையை இடைக்காலமாக நிறுத்திவைத்தது.

அந்தத் தோப்புகளின் மீது இப்போது வேறு திட்டங்கள் நிற்கின்றன. மினிக்காய், கட்மத், சுஹேலி ஆகிய மூன்று இடங்களில் நீர்மேல் குடில்களுடன் கூடிய உயர்தர விடுதிகள் அமைக்க 2021-ல் திட்டம் முன்வைக்கப்பட்டது. 2023 ஜனவரியில் டாடா குழும ஓட்டல் நிறுவனம் சுஹேலியிலும் கட்மத்திலும் தலா 110 அறைகள் கொண்ட விடுதிகளைக் கட்டப்போவதாக அறிவித்தது. சுஹேலியின் கரைகள் பச்சை ஆமைகள் முட்டையிடும் இடங்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

தண்ணீர்க் கணக்கு இதைவிடக் கடுமையானது. இத் தீவுகளில் நிலத்தடி நன்னீர் என்பது உப்பு நீரின் மேல் மிதக்கும் மெல்லிய அடுக்கு. அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உவர்க்கும், தென்னையும் பட்டுப்போகும். சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், கடலின் மேல்மட்ட வெப்பத்துக்கும் ஆழ்கடல் குளிர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டைப் பயன்படுத்தி நன்னீர் எடுக்கும் ஆலையை 2005-ல் கவரத்தியில் நிறுவியது. அதன் திறன் நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர். 2011 கணக்குப்படி பதினோராயிரம் பேர் வாழும் தீவுக்கு, ஆளுக்கு ஒன்பது லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் சரியாகப் போகும். தனி நீச்சல் குளங்கள் கொண்ட குடில்களைக் கட்டுவோர் தண்ணீருக்குத் தனி ஏற்பாடு செய்தாக வேண்டும். அதன் கழிவு உப்பு நீர் எங்கே விடப்படும் என்ற வினாவும் கூடவே எழுகிறது. காயலின் பவளப்பாறைகள் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கடல் வெப்பத்தில் வெளுத்து, 2024-ல் மீண்டும் கடும் பாதிப்புக்குள்ளானவை. பங்காரம் அருகே பராளி என்ற குட்டித் தீவு ஒன்று முற்றிலும் கரைந்து போனதை 2017-ல் ஆய்வு ஒன்று பதிவு செய்தது.

பெரிய கப்பல், சிறிய தீவு:

2021-ல் தனியார் உல்லாசக் கப்பல் ஒன்று மும்பையிலிருந்து லட்சத்தீவுக்குச் சுற்றுலாப் பயணம் தொடங்கியது. ஆயிரத்து ஐந்நூறுக்கும் அதிகமானோர் செல்லக்கூடியது அது. அகத்தியின் மக்கள்தொகை 2011-ல் ஏழாயிரத்து ஐந்நூறு. கப்பல் நிரம்பி வந்து அனைவரும் ஒரே காலையில் இறங்கினால் தீவில் ஐந்து பேருக்கு ஒரு பயணி என்ற கணக்காகிறது.

உலகின் பிற பகுதிகளில் இதற்கு எண் வகுத்திருக்கிறார்கள். காலபகோஸ் தீவுக்கூட்டத்தில் நூறு பயணிகளுக்கு மேல் ஏற்றும் கப்பல்கள் சுற்றுலா நடத்த முடியாது. அண்டார்டிகாவில் 500-க்கு மேற்பட்ட பயணிகளுடன் வரும் கப்பல் எவரையும் கரையில் இறக்கக் கூடாது. சிறிய கப்பலாயினும் ஓரிடத்தில் ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் இறங்கக் கூடாது. அண்டார்டிகா ஒப்பந்த நாடுகள் 2009-ல் ஏற்றுக்கொண்ட முடிவு இது. கப்பல் நிறுவனங்களும் பின்பற்றுகின்றன.

அந்த ஒப்பந்தத்தில் இந்தியாவும் அங்கம். 2022-ல் இந்திய அண்டார்டிகா மசோதாவை மக்களவை ஜூலை 22-லும் மாநிலங்களவை ஆகஸ்ட் முதல் தேதியிலும் நிறைவேற்றின. அங்குள்ள பறவைகளுக்கு இடையூறு விளைவிக்கும் வகையில் கப்பல் செலுத்துவதைக்கூட அச் சட்டம் தடை செய்கிறது. விலைவாசிப் பிரச்னை குறித்த அமளியில் மூழ்கியிருந்த கூட்டத்தொடர் அது. விவாதம் போதுமானதாக இல்லை என்ற குறை இருந்தாலும் சட்டம் நாடாளுமன்றத்தின் வழியே வந்தது.

லட்சத்தீவுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அரசியல் சாசனத்தின் 240-வது பிரிவின்படி இங்கு குடியரசுத் தலைவர் பிறப்பிக்கும் ஒழுங்குமுறை ஆணையே நாடாளுமன்றச் சட்டத்துக்கு நிகரானது. சட்டப்பேரவை கிடையாது. நிர்வாகி தில்லியால் நியமிக்கப்படுபவர். 2021-ல் நிர்வாகி பிரபுல் கோடா படேல் கொண்டுவந்த மேம்பாட்டு ஆணைய ஒழுங்குமுறை வரைவு, திட்டங்களுக்காக எந்த நிலத்தையும் எடுக்க வழி செய்வதாகக் கூறித் தீவு மக்கள் ஜூன் 7-ம் தேதி வீடுகளிலேயே உண்ணாவிரதம் இருந்தனர். கேரளச் சட்டப்பேரவை எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. தங்களைப் பாதிக்கும் ஒரு வரைவைப் பற்றி அயல் மாநிலப் பேரவை விவாதித்தது. தங்களுக்கென ஒரு பேரவை இல்லாதவர்கள் வீட்டு வாசலில் பதாகை ஏந்தி நின்றனர்.

வழிகாட்டும் ஆவணம் இல்லாமலும் இல்லை. அகத்தியின் விடுதி ஒன்று தொடர்பான வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் நியமித்த நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் குழு, தீவுகளின் ஒருங்கிணைந்த மேலாண்மைத் திட்டங்களை ஆராய்ந்தது. மேம்பாட்டுப் பணிகள் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்தே நடைபெற வேண்டும் என்பது அதன் நிலை. இறங்கும் பயணிகளின் உச்ச எண்ணிக்கையையும், முட்டையிடும் பருவத்தில் எந்தத் தீவை நெருங்கக் கூடாது என்பதையும் அத் திட்டங்களோடு சேர்த்துச் சட்ட வலுவுடன் அறிவிப்பது தில்லிக்குப் பெரிய வேலையல்ல.

முதல் உரிமை:

கப்பல் என்றால் சுற்றுலாப் பயணிக்குப் பொழுதுபோக்கு. தீவுவாசிக்கு அது பேருந்து. மருத்துவத்துக்கும் கல்லூரிக்கும் திருமணச் சாமான் வாங்கவும் கொச்சிக்கோ மங்களூருக்கோ செல்ல அவருக்கு வேறு மலிவான வழியில்லை. கப்பல்கள் பராமரிப்புக்குச் செல்லும் காலங்களில் பயணச்சீட்டுக்கு நாள்கணக்கில் காத்திருப்பது அவர்களின் நெடுநாள் குறை. 2021 டிசம்பரில் எம்.வி. கவரத்தியின் இயந்திர அறையில் தீப்பற்றியபோது பயணிகள் உயிர் தப்பினர். ஆனால் பெரிய கப்பல் ஒன்று முடங்கினால் தீவுகளின் போக்குவரத்து என்னவாகும் என்பது அப்போது தெரிந்தது. சுற்றுலாவுக்கெனத் தனிச் சிறு கப்பல்கள் வந்தால் தீவு மக்களின் இருக்கை அவர்களுக்கே மிஞ்சும். நீர்மேல் குடில்களுக்குச் செலவிடப்படும் ஆர்வத்தில் ஒரு பகுதி இதன்பால் திரும்பலாம்.

லட்சத்தீவின் குரலாக நாடாளுமன்றத்தில் ஒலிப்பது ஒரே உறுப்பினர். 1967 முதல் தொடர்ந்து பத்து முறை வென்ற பி.எம். சயீத் மக்களவைத் துணைத் தலைவராக உயர்ந்தவர். 2004-ல் 71 வாக்குகளில் தோற்றார். 2020-ல் லட்சத்தீவு நிர்வாகம் 62 சதுர கிலோமீட்டர் கடல் பகுதியைக் கடற்பறவைகள் காப்பகமாக அறிவித்து, அதற்கு அவர் பெயரையே சூட்டியது. அவருடைய மகன் ஹம்துல்லா சயீத் 2024-ல் காங்கிரஸ் சார்பில் வென்று இப்போது அந்த இருக்கையில் இருக்கிறார்.

2025 ஜூலையில் அவர் முன் வந்தது பித்ரா. பாதுகாப்புத் தேவைகளுக்காக அந்தத் தீவு முழுவதையும் கையகப்படுத்தும் நோக்கில் சமூகத் தாக்க மதிப்பீடு நடத்த நிர்வாகம் அறிவிக்கை வெளியிட்டது. குடியிருப்போரை வெளியேற்றும் முயற்சி இது என்று கூறி அவர் எதிர்ப்புத் தெரிவித்தார். ஒரு காலத்தில் பறவைகளிடமிருந்து மனிதர் பெற்ற தீவின் 271 பேர், தங்கள் வீடும் தென்னையும் மதிப்பிடப்படும் பட்டியலில் இடம்பெற்றனர்.